சாலையைச் சுரண்டுங்கள்!



சுரண்டல் எனும் சொல்லைக் கேட்டாலே சீறி எழுபவர்கள் நாம். அந்தச் சுரண்டலை ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன் என்றால், ‘என்ன ஆயிற்று இவனுக்கு?’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். பொறுத்தருள்க! நான் சுரண்டச் சொல்வது ஏழையின் உழைப்பையல்ல. பழைய தார்ச்சாலையின் முதுகை!

எங்களூர் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. அதன் ஓரத்திலே ஓர் ஓட்டு வீடு. நான் சிறுவனாயிருந்தபோது அந்த வீட்டுக்குப் படியேறிச் செல்வோம். இன்றோ படியிறங்கிச் செல்கிறோம். வீடு புதைந்துவிட்டதா? இல்லை, வீதி வளர்ந்துவிட்டது! பழைய தாரின்மேல் புதிய தார், அதன்மேல் மற்றுமொரு தார். மழை வந்தால் சாலை நனைகிறது, வீடு குளிக்கிறது. பணம் படைத்தவர் ஜாக்கி வைத்து மாளிகையையே உயர்த்திக்கொள்கிறார். கூலிக்காரன் எதை உயர்த்துவான்? கட்டிற்காலுக்குச் செங்கல் வைக்கிறான். அந்தச் செங்கலின் விலை எந்தச் சாலையின் மதிப்பீட்டிலே எழுதப்பட்டிருக்கிறது?

“சுரண்டினால் செலவு கூடுமே” என்பர் சிலர். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். கணக்கென்றால் எனக்குக் கசப்பு. ஆயினும் இந்தக் கணக்கைப் பாருங்கள். 7 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், 40 மில்லிமீட்டர் கனம். சுரண்டி எடுத்தால் 280 கன மீட்டர். எடையோ ஏறத்தாழ 650 டன்! நூற்றுக்கு 5 பங்கு தார் என்று கொண்டாலும் 30 டன்னுக்கு மேல் தார். மிச்சமெல்லாம் கருங்கல் ஜல்லி. மலையைப் பிளந்து கொணர்ந்த கல், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த தார், நாம் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பொருள், நம் காலடியிலேயே கிடக்கிறது. அதைப் புதைத்துவிட்டு மீண்டும் மலைக்கு வெடி வைப்பானேன்?

அத்தனையும் அப்படியே மிச்சம் என்று கைதட்டலுக்காகச் சொல்லமாட்டேன். வெயிலும் காற்றும் பட்ட தார் இறுகிப்போகும். புதுக்கலவையோடு அளவறிந்து சேர்த்தாக வேண்டும். எந்திரத்துக்கு வாடகை உண்டு, வண்டிக்குக் கூலி உண்டு. ஆனால் அறியாத வித்தையல்ல இது. பழைய தார்க்கலவையை மீண்டும் பயன்படுத்துவதற்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-ஆம் ஆண்டில் நெறிமுறை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டில், தமிழகத்தின் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதுச்சாலை போடவேண்டும் என்று அறிவுறுத்தினார். ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. ஏட்டுக்கும் எந்திரத்துக்கும் இடையேதான் நெடுந்தூரம்!

சரி, சுரண்டுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சுரண்டிய கலவை யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தத் தொகையிலே அதன் மதிப்பைக் கழிக்காவிட்டால், சுரண்டிய கூலியையும் கொடுத்து, தாரையும் தாரைவார்த்தவர்கள் ஆவோம்!

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்ச்சாலையிலே தார் எந்திரம் வந்து நிற்கும் நாளில், கொடியைச் சற்றே சாய்த்து வைத்துவிட்டு ஒரு கரித்துண்டை எடுங்கள். சாலையோரச் சுவரிலே பழைய மட்டத்தைக் கோடிட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் அளந்து பாருங்கள். பிறகு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்க் கட்டணத்தோடு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மடல் எழுதுங்கள்: “எத்தனை டன் எடுத்தீர்கள்? எங்கே வைத்திருக்கிறீர்கள்? எவ்வளவு கழித்தீர்கள்?”