எந்த மரத்தின் இலை உதிர்கிறது?



ஐரோப்பியரின் நான்கு பருவங்களுள் கோடைக்கும் குளிருக்கும் இடையே வருவதனை 'இலையுதிர்காலம்' என்று தமிழில் பெயர்ப்பது வழக்கம். மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம், அச்சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்; ஒருமுறையேனும் ஐயுற்றதில்லை. ஐயத்தை எழுப்பியவள் நம் மகள்.

நாம் குடியிருப்பது தில்லி கோல் மார்க்கெட் பகுதியில். தமிழில் கோல் என்றால் தடி, இந்தியிலோ வட்டம். 1921ஆம் ஆண்டு கட்டப்பெற்ற பன்னிரு பக்கக் கட்டடம் ஒன்று அப்பெயரைத் தந்தது. அதனுள் இருந்த கடைகள் இன்று இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அருகே மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளி இருத்தலால், தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியைத் தம் ஊராகவே கொண்டன.

ஓர் ஐப்பசி மாலையில், பாடநூலுடன் முற்றத்தில் நின்ற மகள், "அப்பா, இது இலையுதிர்காலம் என்றால், எந்த மரத்தின் இலை உதிர்கிறது?" என்று வினவினாள். நிமிர்ந்து நோக்கினோம். வேம்பும் நாவலும் அரசும் பசுமை குன்றாது நின்றன. இங்கு அவை இலைகளைப் பெரிதும் உதிர்ப்பது மாசி, பங்குனியில் அன்றோ? எதிரே நின்ற ஏழிலைப்பாலையோ, கொத்துக் கொத்தாக வெண்பசுமைப் பூக்களைச் சூடி, தெருவெங்கும் மணம் பரப்பிக்கொண்டிருந்தது. நாம் எழுதிவந்த சொல்லுக்கும் நாம் வாழும் இடத்திற்கும் தொடர்பில்லை என்பதனை அன்றுதான் உணர்ந்தோம்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தமிழகத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் காலம்; தில்லியிலோ மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் காலம். நாட்காட்டி ஒன்று, வானம் இரண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் அனைவரும் இவ்விரண்டிற்கும் இடையேதான் வாழ்கின்றோம்.

இந்த வேற்றுமை நம்மை ஒருமுறை கடுமையாகத் தாக்கியது. 2015ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முதல் நாள், கடலூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நம் அன்னையார் மறைந்தார். அன்று அம்மாவட்டம் பெருமழையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. தொலைபேசியில் தமையனார் பேசியபோது, அவர் குரலினும் மழையின் ஓசையே மிகுதியாகக் கேட்டது. இங்கோ ஒரு துளி மழையும் இல்லை. ஏழிலைப்பாலையின் மணம் மட்டும் நிறைந்திருந்தது. ஊருக்குச் செல்லும் சாலை நீரில் மூழ்கிக் கிடந்தமையால், நாம் சென்றடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அம்மணத்தை வெறுத்தோம். ஐப்பசி வந்தால் சாளரத்தை அடைத்து வைத்தோம்.

மகளின் கேள்விதான் சாளரத்தைத் திறந்தது. அன்று தொடங்கி, புரட்டாசி மகாளய அமாவாசை முதல் கார்த்திகைத் தீபம் வரை, நாள்தோறும் விடியலில் அம்மரத்தடியில் சிறிது நேரம் நிற்பதை ஒரு நோன்பாகக் கொண்டோம். மந்திரம் இல்லை, படையல் இல்லை. ஒரு குவளை நீர் வார்ப்போம், அன்று மரத்தில் கண்ட மாற்றத்தை ஒரு வரியில் குறித்து வைப்போம், அன்னையாரை நினைப்போம். அவ்வளவே.

இது புதுமை அன்று. பண்டைக் காலத்தில் காலியா, பிரித்தன் நாடுகளில் ட்ரூயிட் என்னும் குருமார் இருந்தனர். அவர்கள் ஓக் மரத்தைப் புனிதமாகப் போற்றியதை உரோம அறிஞர் பிளினி குறித்துள்ளார். அவர்கள் தம் சமயத்தைத் தாமே எழுதிவைக்கவில்லை. ஆயினும் இன்று அப்பெயரால் வழிபடுவோர் பலர், பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நாளைப் போற்றுகின்றனர். அக்டோபர் இறுதியில் மறைந்தோரை நினைக்கின்றனர். தனியே ஒரு தோட்டத்திலோ சோலையிலோ நின்று வழிபடுவோரும் அவருள் உண்டு. நமக்கும் மகாளயம் அதே பருவத்தில் அன்றோ வருகிறது? மறைந்தோரை நினைக்க அவர்களும் நாமும் ஒரே பருவத்தைக் கொண்டிருப்பது எண்ணத்தக்கது.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. வங்கத்தில் போல்பூர் அருகே இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் தியானத்தில் அமர்ந்தார். 1863இல் அந்நிலத்தைப் பெற்றார். பின்னாளில் அங்குச் சாந்திநிகேதன் வளர்ந்தது. விசுவபாரதியில் பட்டம் பெறுவோர்க்கு அம்மரத்தின் இலைக்கொத்தை அளிக்கும் மரபு இருந்தது. மணமும் அமைதியும் தந்த மரம் கல்வியின் அடையாளமும் ஆயிற்று.

எனினும் நோன்புக்கும் ஓர் எல்லை உண்டு. சென்ற ஆண்டு அடுத்த வீட்டு அம்மையார் நம்மிடம் வந்தார். "அண்ணா, பூ பூத்தால் என் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. சாளரத்தருகில் உள்ள கிளையையாவது குறைக்க வேண்டும். மனுவில் நீங்களும் கையொப்பம் இடுவீர்களா?" என்று கேட்டார். தீபாவளிக்குப் பின் தில்லியைச் சூழும் புகையும் காரணமாகலாம். ஆயினும் அதைக் கூறித் தப்புவது அறமாகாது. ஒரு குழந்தையின் மூச்சினும் நம் நோன்பு பெரிதோ? கையொப்பம் இட்டோம். முறைப்படி அனுமதி பெற்று அக்கிளையைக் குறைத்தனர். மறுநாள் விடியலில் நம் குறிப்பேட்டில் எழுதிய வரி: 'ஒரு கிளை குறைந்தது, மரம் நிற்கிறது.'

நேயர்களே, நீங்கள் மும்பையில் இருக்கலாம்; கல்கத்தாவில் இருக்கலாம். உங்கள் வாயிலில் நிற்கும் ஒரு மரத்தின் பெயரை அறியுங்கள். அது எப்போது பூக்கிறது, எப்போது உதிர்கிறது என்று ஓராண்டு நோக்குங்கள். ஊரின் மழையை மறக்க வேண்டுவதில்லை. இவ்வூரின் மணத்தை வெறுக்கவும் வேண்டுவதில்லை. நம் அன்னையார் மறைந்த ஐப்பசி இப்போது நமக்கு இரண்டு வானங்களின் கீழும் வருகிறது.

மகளின் கேள்விக்கு விடையும் கிடைத்தது. அடுத்த முறை 'இலையுதிர்காலம்' என்று எழுத நேர்ந்தபோது, 'கூதிர்காலம்' என்று எழுத இயலுமா என எண்ணினோம்; அங்கு அதுவும் பொருந்தவில்லை. பழைய சொல்லையே எழுதினோம். ஆனால் அது வேறொரு நாட்டின் மரங்களைக் குறிக்கும் சொல் என்பதை அறிந்து எழுதினோம்.