பதினைந்தாம் தேதிப் பணம்

இந்தக் கருத்தரங்கைக் கூட்டிய குழுவினருக்கும், கட்டுரைகளோடு வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சுற்றுவட்டாரத் தாய்மார்களுக்கும் என் நன்றி. கிராமக் குடும்பத்தின் கையிருப்பைப் பற்றிப் பேசும் ஓர் அரங்கைச் சென்னையில் வைக்காமல் கீழ்பென்னாத்தூரில் வைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இங்கே நாம் தவறாக எதையாவது சொன்னால் திருத்துவதற்கு ஆள் இருக்கிறது.

இந்த வட்டாரம் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை நாம் வடஆர்க்காட்டைச் சேர்ந்தவர்கள். 1973-74இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து வடஆர்க்காட்டு ஊர்களில் புது நெல் ரகங்களின் விளைவைப் பார்த்தார்கள், பி.எச். ஃபார்மர் அதை 1977இல் நூலாகத் தொகுத்தார். பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் இதே மாவட்டத்தை மீண்டும் ஆராய்ந்து 1991இல் நூல் வெளியிட்டார்கள். பக்கத்துத் தென்னார்க்காட்டில், 1916இல் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் பதிவு செய்த இருவேல்பட்டுக்கு, அறுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் திரும்பிப் போனார்கள். நிலம், கிணறு, விதை, கூலி, சாதி என்று அவர்கள் பார்த்தவை இன்றும் பாடம்தான். ஆனால் அவர்கள் காலத்தில் இல்லாத ஒன்று இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது: அரசு மாதாமாதம் பெண்ணின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடும் பணம்.

அதற்கு முன்னோடியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1962இல் தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையை மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் வந்தது. இவை வயதையும் பேறுகாலத்தையும் பார்த்துக் கொடுத்தவை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் வேறு வகை. குடும்பத் தலைவி என்ற தகுதிக்காக, மாதம் 1,000 ரூபாய், முதல் கட்டத்தில் ஏறக்குறைய 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. விதிகளில் இவைதான் முக்கியமானவை.

அன்றிலிருந்து நம்மைப் போன்றவர்கள் கேட்டுவரும் முதல் கேள்வி, 'அந்த ஆயிரத்தை என்ன செய்தீர்கள்?' என்பது. அந்தக் கேள்வியையே இன்று கீழே இறக்கி வைக்கும்படி உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஏழையிடம் காசு கொடுத்தால் டாஸ்மாக்கில் போய் நிற்கும் என்ற சந்தேகம். அதற்கு உலகமே விடை சொல்லிவிட்டது. டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ரொக்க உதவியால் குடியும் புகையிலையும் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேச ஊர்களில் 2011-12இல் சேவா அமைப்பு நடத்திய முயற்சியில், பெரியவர்களுக்கு முதலில் மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். பணம் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போனது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் சிலர் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்கு அதுவே பதில்.

நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: அந்தப் பணம் வருவதால், வீட்டுக்கு வெளியே யார் யார் அந்தப் பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்?

இந்த வட்டத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊரும் பேரும் வேண்டாம். முக்கால் ஏக்கர் புன்செய், மழை பெய்தால் மல்லாட்டை, இல்லாவிட்டால் தரிசு. கணவர் பெங்களூருவில் கட்டட வேலை. அனுப்பும் மாதம் அனுப்புவார். அந்த அம்மா களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். நூறு நாள் கூலி எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் கணக்கு வைத்திருக்கும் மளிகைக் கடை நோட்டைப் புரட்டினால், உரிமைத் தொகை வரும் முன்வரை ஒரே பக்கத்தில் எழுத்து மாறி மாறி இருக்கும். ஐம்பது, முப்பது, எண்பது என்று சில்லறைக் கடன். நடுவில் கடைக்காரர் 'இனி இல்லை' என்று கோடு கிழித்த இடம். இப்போது அந்தக் கோடு இல்லை. பதினைந்தாம் தேதியை ஒட்டி ஒரு வரவு விழுகிறது, அதன் கீழே புதுக் கணக்கு தொடங்குகிறது. வாங்கும் சாமான் அதே பருப்பு, அதே எண்ணெய்தான். அவருக்குக் கூடியது நம்பகம். இன்ன தேதியில் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி தர அவரால் முடிகிறது.

மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இது பெரிதாகத் தெரியாது. கூலிக் குடும்பத்துக்குத் தேதி என்பதே கிடையாது. மழை தேதியை மாற்றும், மேஸ்திரி மாற்றுவார், அரசு அலுவலகமும் மாற்றும். மாறாத ஒரு தேதி கையில் இருக்கும்போது கைமாத்துக் கேட்கும் குரலே வேறாகிறது. மூன்று ரூபாய் வட்டிக்கு இருபதாயிரம் வாங்கியவர் மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும் கட்டினால், அசல் சாகும்வரை அப்படியே நிற்கும். ஆயிரத்தை முழுதாக அங்கே கட்ட முடிந்தால் ஏறக்குறைய முப்பத்தோரு மாதத்தில் கடன் தீரும். கணக்கு அவ்வளவு எளிது. நடைமுறை அவ்வளவு எளிதல்ல. பல இடங்களில் அசலைத் துண்டு துண்டாக வாங்க மறுக்கிறார்கள், வட்டிதான் அவர்களுக்கு வருமானம். அந்த மறுப்பை எந்தப் புள்ளிவிவரத்திலும் நான் பார்த்ததில்லை. நம் ஆய்வாளர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் கவலையோடு ஒன்று சொல்கிறேன். பதினைந்தாம் தேதியைக் கடைக்காரர் மட்டும் குறித்துவைக்கவில்லை. குழுக் கடன் வசூலுக்கு வருபவரும் குறித்துவைத்திருக்கிறார். நமக்கு அடுத்த விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் இசபெல் கெரான் போன்றவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து நீண்ட காலமாக ஆராய்ந்து காட்டியது இதுதான்: ஏழைப் பெண் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை வாங்குகிறார், அந்தச் சுழற்சியை நடத்துவதே அவருக்கு இன்னொரு வேலை. அப்படிப்பட்டவருக்கு மாதம் ஆயிரம் நிச்சயம் என்று தெரிந்தால், அதைக் காட்டி இன்னும் பெரிய கடனைத் தலையில் கட்ட ஆள் வருவார்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. வாசலில் வந்து நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுபவரிடமிருந்து அது அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறதா என்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வங்கியும் இதில் ஒரு கை நீட்டியது. 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தவுடன், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலேயே பிடித்தம் செய்தன. அன்றைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. களை பிடுங்கித் தேய்ந்த விரலின் ரேகையை மெஷின் ஏற்காமல், மறுநாள் வேலையை விட்டுத் திரும்ப வருகிற பெண்களும் உண்டு. நேரடிப் பணம் என்கிறோம். அந்த நேர்வழியில் எத்தனை படி இருக்கிறது என்று பணம் எடுக்கப் போகிறவரைக் கேளுங்கள்.

யார் விடுபடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் தொடங்கிய பி.எம். கிசான், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக நிலம் பேரில் உள்ளவருக்குத் தருகிறது. குத்தகைக்கு உழுபவர் வெயிலில் நிற்க, பட்டா உள்ளவருக்குப் பணம் போகிறது. அதே திட்டத்தில் 2020இல் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்ட மோசடி வெளிவந்தபோது நம் மாவட்டத்தின் பேரும் அடிபட்டது. முதியோர் உதவித்தொகை வாங்கும் பெண்ணுக்கு உரிமைத் தொகை கிடையாது. அவர் வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று 2023 ஆகஸ்டில்தான் தளர்த்தினார்கள். கணவனை விட்டுப் பிரிந்து, ரேஷன் அட்டையில் பேர் இன்னும் மாமியார் வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு எந்தத் தளர்வும் போய்ச் சேரவில்லை. அவர்தான் இதற்கு முதல் உரிமைக்காரர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயிரம் ரூபாய் எதையெல்லாம் தொடாது என்பதையும் மறைக்க வேண்டாம். திடீர் அறுவை சிகிச்சைக்கும், வற்றிய கிணற்றை ஆழப்படுத்துவதற்கும், மகள் கல்யாணத்துக்கும் அது போதாது. கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆயிரம் டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு டாலருக்கு அந்த வட்டாரப் பொருளாதாரம் ஏறக்குறைய இரண்டரை டாலர் பெருகியது. பணம் வாங்காத அண்டை வீட்டுக்காரரும் பயன் பெற்றார். அங்கே மொத்தமாகக் கொடுத்தார்கள், பணமும் உள்ளூரிலேயே சுற்றியது. இங்கே நம் சந்தைக்கும் தையல் கடைக்கும் வர வேண்டிய பணம் வாரத் தவணையாக வெளியூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போனால், கீழ்பென்னாத்தூருக்கு மிஞ்சுவது என்ன? இதை அளந்து சொல்ல ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு வேண்டும். முன்வருபவருக்கு என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

இந்த இரண்டு நாளில் வாசிக்கப் போகும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கு. அது போதாது. பத்து வீடுகள் போதும். ஆனால் ஆடியிலிருந்து ஆனி வரை ஓர் ஆண்டு முழுவதும் பாருங்கள். வரவு செலவோடு நில்லாமல், யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, யார் வந்து கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கணக்கை அந்த வீட்டுப் பெண்ணே வைத்திருக்கட்டும். நமக்கு ஒரு படி இருந்தால் போதும். எழுதி முடித்ததை இதே ஊர்களில் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். முதல் அமர்வு கடனைப் பற்றியது. பின்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் முன்வரிசைக்கு வர வேண்டும். கட்டுரையாளர்கள் பேசி முடித்ததும் முதல் கேள்வி அந்தத் தாய்மார்களுடையதாக இருக்கும் என்று அமர்வுத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.