முகம் அறியாத தாத்தா
(ஆண்டு விழாவில் சங்கத்தின் நாடகக் குழு சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் சங்கப் புலவர் ஒருவரையோ, நாட்டுத் தலைவர் ஒருவரையோ பேச்சுக்குப் பொருளாகக் கொள்வது நம் மரபு. நாங்கள் இன்று எடுத்துக்கொண்டிருப்பவர் ஓர் ஆங்கில நடிகர். டேவிட் கிரஹாம் என்பது அவர் பெயர். இந்த அவையிலுள்ள பெரியவர்களுள் அப்பெயரைக் கேள்வியுற்றவர் எத்தனை பேர் இருப்பரோ, அறியோம். ஆயினும் முன்வரிசைச் சிறுவர்களுள் பலர் அவருடைய குரலை நன்கறிவர். பெப்பா பிக் என்னும் சித்திரத் தொடரில் காய்கறித் தோட்டம் போட்டு, படகு ஓட்டி, பேரக் குழந்தைகளைக் குட்டி ரயிலில் ஏற்றிச் செல்லும் பன்றித் தாத்தா பேசுகிறாரே, அந்தக் குரல் இவருடையதுதான். பன்றி என்ற சொல் கேட்டு முகம் சுளிக்கும் பாட்டிமார் பொறுத்தருள்க. வராக அவதாரத்தை ஒருகணம் நினைத்துக்கொண்டால் மனம் சமாதானம் அடையும்.

கிரஹாம் 1925 ஜூலை 11 ஆம் நாள் லண்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் மெக்கானிக்காகப் பணிபுரிந்தார். போர் முடிந்தபின் நடிப்புக் கலை பயில விரும்பி நியூயார்க் சென்றார். பயிற்சி பெற்றுத் தாய்நாடு திரும்பியவர், மேடையிலும், அப்போதுதான் இல்லங்களுக்குள் நுழையத் தொடங்கியிருந்த டெலிவிஷனிலும் சிறு வேடங்கள் ஏற்றார். இதுவரை எந்த நடிகரின் வரலாற்றிலும் காணக்கூடியதே. ஜெர்ரி ஆண்டர்சன் என்னும் டைரக்டரைச் சந்தித்தது அவர் வாழ்வின் திருப்பம். பலவகை உச்சரிப்புகளில் தம்மால் பேச இயலும் என்று கிரஹாம் அவரிடம் சொல்லி வைத்தார். பின்னர் பொம்மைகளைக் கொண்டு தொடர்கள் எடுக்க முனைந்தபோது ஆண்டர்சனுக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. 1960 இல் ஒளிபரப்பான ஃபோர் ஃபெதர் ஃபால்ஸ் என்ற தொடரில் கிரஹாமுக்குக் கிடைத்த பாத்திரங்களுள் ஒன்று ட்விங்க் தாத்தா. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு! தொடர்ந்து வந்த சூப்பர்காரில் ஒரு குரங்குக்கும் குரல் கொடுத்தார். பேசத் தெரியாத குரங்கைப் பேசாமலே பேச வைப்பது எத்துணை அரிய செயல் என்பதை, சென்ற ஆண்டு எங்கள் நாடகத்தில் அனுமனாக வந்த அன்பர் நன்கு அறிவார்.

அந்தப் பொம்மைகள் இயங்கிய விதத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1965 இல் தொடங்கிய தண்டர்பேர்ட்ஸ் என்னும் தொடரே அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. மொத்தம் 32 பகுதிகள். பொம்மை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 அங்குல உயரம். மேலே பரண் ஒன்றில் நின்றுகொண்டு, மெல்லிய கம்பிகளால் அவற்றை இயக்கினர். தஞ்சைப் பொம்மலாட்டம் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை உதட்டில் இருந்தது. நம் சினிமாவில் டப்பிங் எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் நடிகர் வாயசைக்கிறார். பின்பு அவ்வசைவுக்கு ஏற்பக் குரல் சேர்க்கப்படுகிறது. இங்கே வரிசை தலைகீழ். குரல் நடிகர்கள் முதலில் பேசி நாடாவில் பதிவு செய்துவிடுவர். படப்பிடிப்பின்போது அந்த நாடா ஓடும். அதிலிருந்து எழும் மின்துடிப்பு பொம்மையின் தலைக்குள் வைக்கப்பட்ட மின்காந்தச் சுருளை இயக்க, கீழுதடு அசையும். அப்பொம்மைகளுக்கு உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை அமைந்ததற்கும் இந்தக் கருவியே காரணம். ஆகவே நடிகர் ஓரிடத்தில் தயங்கினால் பொம்மையும் தயங்கியது. அவர் சிரித்தால் அதுவும் சிரித்தது. மற்றவர்கள் கையை ஆட்டினார்கள், காலை ஆட்டினார்கள். ஆனால் பொம்மையின் உயிர் குரலில் இருந்தது.

அந்தத் தொடரில் கிரஹாம் ஒருவரே நான்கு பாத்திரங்களுக்குப் பேசினார். திக்கித் திக்கிப் பேசும் அறிவாளிப் பொறியாளர் பிரெயின்ஸ் ஒருவர். துடிப்புள்ள அமெரிக்க இளைஞர் கார்டன் மற்றொருவர். கிரானோ என்னும் முதிய பணியாளர் மூன்றாமவர். ஒரே காட்சியில் இருவர் உரையாடும்போது இரண்டு பேச்சும் ஒரே தொண்டையிலிருந்து வந்ததும் உண்டு. எனினும் மக்கள் மனத்தில் நிலைத்தவர் நான்காமவரான பார்க்கர்தான்.

பார்க்கர் ஒரு சீமாட்டியின் கார் ஓட்டி. முன்னாளில் இரும்புப் பெட்டி உடைக்கும் திருடராக இருந்து, பின் திருந்தியவர். அவருக்கு எத்தகைய பேச்சு பொருந்தும் என்று தேடியபோது, குக்கம் என்ற ஊரில் ஓர் உணவு விடுதிக்குக் கிரஹாமை அழைத்துச் சென்றார் ஆண்டர்சன். அங்கே திராட்சை மது பரிமாறும் பணியாளர் ஒருவர் இருந்தார். முன்பு விண்ட்சர் அரண்மனையில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். அவர் உயர்குடியினரைப் போலப் பேச முயல்வார். லண்டன் எளிய மக்கள் பேச்சில் சொல்லின் தொடக்கத்திலுள்ள ஹகர ஒலி விழுந்துவிடும். அதைத் திருத்திக்கொள்ளும் ஆர்வத்தில், தேவைப்படாத இடத்திலெல்லாம் ஹகரத்தைச் சேர்த்துவிடுவார் அவர். தேவையான இடத்தில் பழையபடி விட்டுவிடுவார். நம்மவர் சிலர் ழகரம் வரவில்லை என்று பிறர் குறை கூறுவதற்கு அஞ்சி, பழத்தோடு நில்லாமல் பள்ளியையும் 'பழ்ழி' ஆக்கிவிடுவதைப் போல என்க. கிரஹாம் அமர்ந்து, உண்டு, செவிகொடுத்தார். பார்க்கர் பிறந்தார்.

இதில் எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வேலைக்காரரின் பேச்சை மேடையில் ஏற்றினால் சிரிப்பு எளிதில் கிடைக்கும். நம் நாடகங்களிலும் சமையற்காரரும் கூர்க்காவும் அதற்காகவே வந்து போகிறார்கள். பார்க்கரின் பேச்சும் சிரிப்பூட்டியது உண்மையே. ஆனால் அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி கலவாதபடி பார்த்துக்கொண்டார் கிரஹாம். பார்க்கருக்கு எஜமானியின்பால் பற்று உண்டு. தன் பழைய தொழிலில் கொஞ்சம் பெருமிதமும் உண்டு. பிறர் தம்மை அறிவிலி என்று எண்ணுவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இத்தனையும் மரத்தாலும் கம்பியாலும் ஆகக்கூடியதா? கேட்ட குரலைக் கேலி செய்யாமல் கடன் வாங்கத் தெரிந்த ஒருவரால் ஆயிற்று.

இதற்கு நேர்மாறான குரல் ஒன்றும் அவரிடம் இருந்தது. 1963 நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் டாக்டர் ஹூ என்ற தொடரைத் தொடங்கியது. அடுத்த மாதமே அதில் டாலெக் என்னும் பகைவர் தோன்றினர். உலோகக் கூட்டுக்குள் அடைபட்ட, இரக்கம் என்பதே அறியாத உயிர்கள். கூட்டுக்குள் ஒருவர் அமர்ந்து அதை நகர்த்துவார். குரலோ வெளியே ஒலிபெருக்கியின் முன் நின்ற பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் இருவருடையது. சொல்லை அசை அசையாகத் துண்டித்து, ஏற்ற இறக்கமின்றிப் பேசினார்கள். ரிங் மாடுலேட்டர் என்ற மின்கருவி அதை நடுங்கும் உலோக ஒலியாக மாற்றியது. மனிதக் குரலிலிருந்து அன்பை வடித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதை அக்குரல் காட்டியது. பிரிட்டிஷ் குழந்தைகள் சோபாவின் பின்னால் ஒளிந்துகொண்டு அந்தத் தொடரைப் பார்த்ததாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முகம் காட்டியும் அவர் நடித்ததுண்டு. அதே டாக்டர் ஹூவில் 1966 இல் மதுக்கடைப் பணியாளராகவும், 1979 இல் சிட்டி ஆஃப் டெத் என்ற கதையில் கெரென்ஸ்கி என்னும் விஞ்ஞானியாகவும் தோன்றினார். அவற்றை விரித்துரைக்க நேரமில்லை.

பெப்பா பிக் 2004 இல் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பலர் பென்ஷன் வாங்கி இருபது ஆண்டு ஆகிவிடும் பருவம். ஒவ்வொரு கதையும் ஐந்தே நிமிடம். அதில் வரும் தாத்தா தம்மைக் கப்பல் தலைவராக எண்ணிக்கொள்வார். கீரையைத் தின்னும் நத்தையோடு மல்லுக்கு நிற்பார். தம் நண்பர் நாய்த் தாத்தாவோடு படகைப் பற்றிச் சண்டையிடுவார். பேத்தி ஒரு கேள்வி கேட்டால் போதும், கோபமெல்லாம் ஓடிவிடும். அடுத்து வந்த பென் அண்டு ஹோலி தொடரில் அறிவுமிக்க முதிய எல்ஃப் ஒருவருக்கும் அவர் பேசினார். முப்பத்துநான்கு வயதில் நடித்துக் காட்டிய தாத்தாவுக்கு, எண்பதை நெருங்கும்போது உண்மையான முதுமையைக் கொடுத்தார் எனலாம்.

அமெரிக்கக் குழந்தைகள் பெப்பாவைப் பார்த்துப் பார்த்து பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று 2021 இல் அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஆங்கிலமே தாய்மொழியான வீட்டிலும் ஒரு கார்ட்டூன் குரல் குழந்தையின் நாவைத் திருப்ப வல்லதாயின், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், விளையாட்டுத் திடலில் இந்தியுமாக வளரும் நம் குழந்தைகளைப் பற்றி என்ன சொல்வது? நம் காலனியில் தாத்தா பாட்டி உடனுறையும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரியவர்கள் கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் கோவையிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் கைப்பேசியில் முகம் தெரிகிறது. "சாப்பிட்டாயா கண்ணு?" என்று அவர்கள் கேட்கிறார்கள். குழந்தை தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுகிறது. முகம் தெரிந்த தாத்தாவின் குரல் பழகவில்லை. முகமே தெரியாத ஆங்கிலத் தாத்தாவின் குரலில் கோபம் எது, குறும்பு எது, களைப்பு எது என்று அதே குழந்தை பிரித்தறிகிறது. இதற்காக டேவிட் கிரஹாமைக் குறை சொல்வது பேதைமை. அவர் தம் வேலையைச் செம்மையாகச் செய்தார், அவ்வளவே.

2015 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைச் சொல்லி முடிக்க விரும்புகிறோம். அந்த ஆண்டு தண்டர்பேர்ட்ஸ் கதை புதிய முறையில் மீண்டும் தயாரிக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. பழைய குழுவிலிருந்து தம் பழைய பாத்திரத்துக்கே பேச வந்தவர் கிரஹாம் ஒருவரே. எண்பத்தொன்பது வயதில் மீண்டும் பார்க்கர் ஆனார். அதே ஆண்டில் ரசிகர்கள் பொருளுதவி செய்ய, பழைய முறையிலேயே பொம்மைகளைச் செய்து மூன்று பகுதிகள் எடுத்தனர். அவற்றுக்குப் புதிதாக யாரும் பேசவில்லை. 1960களில் இசைத்தட்டில் பதிவாகியிருந்த பழைய குரல்களையே பயன்படுத்தினர். ஆக, நாற்பது வயதுக் கிரஹாமின் குரலும் தொண்ணூறை எட்டும் கிரஹாமின் குரலும் ஒரே ஆண்டில் பார்க்கருக்காகப் பேசின. ஐம்பது ஆண்டு உறங்கிய ஒலி, புதிதாகச் செய்த பொம்மையின் உதட்டை அசைத்தது. 2024 செப்டம்பர் 20 ஆம் நாள், தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் கிரஹாம் காலமானார். குழந்தைகள் பார்க்கும் பழைய கதைகளில் பன்றித் தாத்தா இன்னும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

இச்செய்தியைப் படித்த பிறகே நாடகக் குழுவினராகிய நாங்கள் சிறு வேலை ஒன்றை மேற்கொள்ளத் துணிந்தோம். பனிக்காலம் கழிந்ததும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். அவர்கள் இங்கிருக்கும் நாள்களில் ஆளுக்கு இரண்டு கதை சொல்ல வேண்டும். பதிவு செய்து, வீட்டுக்கு வீடு அனுப்புகிறோம். நரியும் காகமும் போதும். பெரிய கதை வேண்டுவதில்லை. ஒரு விதி மட்டும் உண்டு. நெல்லைக்காரர் நெல்லைப் பேச்சிலும், கொங்கு நாட்டார் கொங்குப் பேச்சிலும் சொல்ல வேண்டும். எழுதி வைத்துச் செந்தமிழில் படிக்கலாகாது. உச்சரிப்பை யாரும் திருத்தவும் மாட்டோம். பதிவுக் கருவி சங்க அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிறு மாலை நான்கு மணிக்குமேல் வரலாம்.

இதுவரை மூன்று தாத்தாக்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிமாரிடமிருந்து இன்னும் ஒரு பெயரும் வரவில்லை. மேடைக்கு இடப்புறம் மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்.