தேங்காய்ச் சம்பலும் கல்லீரலும்

பசறை, ஹாலிஎல மலைகளில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பலருக்கும் காலைச் சாப்பாடு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். தேங்காயின் கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதைச் சின்னஞ்சிறு துளிகளாக உடைப்பது, கல்லீரல் நாளொன்றுக்கு ஒரு லீட்டர் வரை சுரக்கும் பித்தநீர்.

இந்த வேலை முடிந்ததும் பித்தநீரிலுள்ள பித்த உப்பில் சுமார் 95 வீதம் சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். பெருங்குடலுக்குத் தப்பிப் போகும் மிச்சம் அங்கே நீர் சுரக்கவைத்து, மலத்தை இளக்கி, குடலை அசைக்கிறது. ஆனால் மலையில் கழிவறை இல்லாமல் மணிக்கணக்காக அடக்கிக்கொள்ளும் பெண்ணுக்குக் கல்லீரல் மட்டும் என்ன செய்துவிடும்?

மலத்தின் பழுப்பு நிறமும் பித்தம் தந்ததே. மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, கண்ணும் மஞ்சளித்தால், கஷாயம் வைத்துக் காத்திராமல் அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.