கிளைப்பாதையின் வரவும் செலவும்

காக்கநாட்டிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் எடப்பள்ளி புகைவண்டி நிலையத்தை அடையலாம். அங்கிருந்து பிரியும் ஓர் இருப்புப்பாதை, வேம்பநாட்டுக் காயலைக் கடந்து, வல்லார்பாடம் தீவிலுள்ள கொள்கலன் துறைமுகத்தைச் சேருகிறது. அதன் நீளம் 8.86 கிலோமீட்டர், அதில் 4.62 கிலோமீட்டர் பாலமே. 132 கண்கள் கொண்ட அப்பாலம், 2018-இல் அஸ்ஸாமில் போகிபீல் பாலம் திறக்கப்படும் வரை, நம் நாட்டின் மிக நீண்ட புகைவண்டிப் பாலமாக விளங்கிற்று. 2011-இல் திறக்கப்பட்ட இப்பாதை சரக்கு வண்டிகளுக்கென்றே அமைந்தது. ஆனால், நாள்தோறும் பல வண்டிகள் செல்லத்தக்க இப்பாதையில் மிகச் சிலவே ஓடிவந்துள்ளன.

காரணம் என்ன? புகைவண்டிக்கு ஓடும் செலவு குறைவு. ஏற்றி இறக்கும் செலவு அதிகம். லாரியோ ஆலையின் வாசலிலேயே சரக்கை ஏற்றிக்கொள்கிறது. தூரம் நீள நீளப் புகைவண்டி மலிவாகும். குறுகிய தூரத்தில் லாரியே வெல்லும். கொச்சிக்குச் சரக்கு அனுப்பும் ஊர்கள் பல அருகிலேயே உள்ளன. கோயம்புத்தூரே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான்.

அப்படியாயின் பாதையை மூடிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிளைப்பாதையின் ஆண்டுச் செலவு நூறு ரூபாய், வருமானம் அறுபது ரூபாய் என வைத்துக்கொள்வோம். நாற்பது ரூபாய் நஷ்டம் என்று ஏடு கூறும். ஆனால் அந்த நூறில் நாற்பத்தைந்து ரூபாய், முன்பே போட்ட முதலின் வட்டியும் தேய்மானமும் என்றால், பாதையை மூடினாலும் அது திரும்பி வராது. மூடுவதால் மிஞ்சுவது ஐம்பத்தைந்து, இழப்பது அறுபது. நஷ்டத்தைக் குறைக்க எண்ணி, ஐந்து ரூபாயைக் கூடுதலாக இழந்தவர்களாவோம்!

இன்னொன்றும் உண்டு. கிளைப்பாதையில் ஒன்பது கிலோமீட்டர் ஓடிய சரக்கு, பிரதான பாதையில் பல நூறு கிலோமீட்டர் ஓடக்கூடும். அந்த வருமானத்தையும் கிளையின் பக்கம் எழுதிப் பார்க்கவேண்டும். பிரிட்டனில் 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து பல கிளைகள் மூடப்பட்டன. கிளை போனபின் சரக்கு அனுப்பியோர் அடுத்த நிலையத்தை நாடாமல் முழுவழியும் சாலைக்கே மாறிவிடலாம் என்பதை அக்கணக்கு போதிய அளவு எண்ணவில்லை என்பது பின்னாளில் எழுந்த குறை. நம் நாட்டிலும் 1969-இல் வருவாயற்ற கிளைப்பாதைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது.

ஆயினும் எக்கிளையையும் என்றென்றும் காக்கவேண்டும் என்பது நம் வாதமன்று. உப்புக் காற்று இரும்பை விடாது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தூண்களைச் சோதிக்கவேண்டும், துருவைத் தடுக்கவேண்டும். உத்திரங்களை மாற்றும் காலம் வரும்போது, அதற்கான பணம் இன்னும் செலவழியாத பணம். மூடுவதா வேண்டாமா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்கத்தக்க வேளை அதுவே. அதற்குமுன் செய்யத்தக்கது சரக்கைத் தேடுவது: தொலைதூர ஊர்களிலிருந்து குறித்த நாளில் ஒழுங்காக வண்டி விடுவது, சிறு வணிகர்களின் கொள்கலன்களை ஓரிடத்தில் சேர்ப்பது, திரும்பும் வண்டி வெறுமையாக வராமல் பார்த்துக்கொள்வது.

முடிவாக ஒன்று. இத்துறைமுகத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக, 2008-இல் மூலம்பிள்ளி முதலிய இடங்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பொருளாதார நூல் அவர்தம் வீடுகளையும் மீளாத செலவு என்றே எழுதும். ஆனால் அது அவர்கள் நம்மிடம் கொடுத்துவைத்த கடன். அவர்களுக்குச் செய்யவேண்டியதை முற்றும் செய்வதும், பாதையை வெறுமனே துருப்பிடிக்க விடாமல் பயன்படுத்துவதும் அக்கடனைத் தீர்க்கும் வழிகளாம்.