தவணை நாளைத் தொழில் சொல்லட்டும்



1978-லேயே சென்னையில் ஏழை உழைக்கும் பெண்களைத் திரட்டி அவர்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்தவர் ஜெயா அருணாசலம். 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைத்தன. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. கந்துவட்டிக்காரரின் திண்ணையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதிருந்த பெண் வங்கிப் படியேறினாள். சாதாரண மாற்றமா இது?

கடன் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் தவணை கட்டும் நாளை யார் தீர்மானிப்பது?

ஐப்பசி அடைமழையில் அப்பளம் போடும் பெண்ணின் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, உருட்டித் தேய்த்தாயிற்று. காயவைக்க வெயில் இல்லை. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து மின்விசிறியைச் சுழல விட்டிருக்கிறாள். ஓரம் காய்ந்திருக்கிறது, நடுப்பகுதி நமுத்துக் கிடக்கிறது. கடைக்காரர் தொட மாட்டார். ஆனால் வாரத் தவணைக்கு மழை தெரியுமா? காலையிலேயே தவணை வசூலிக்க வாசலில் ஆள் நிற்கிறார். அவள் தண்டல்காரரிடம் ஓடுகிறாள். அவர் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். கடனை அடைக்க இன்னொரு கடன்! இதில் தொழில் எங்கே வளரும்?

இட்லி மாவு விற்பவளுக்குத் தினமும் காசு புரளும். வாரத் தவணை அவளுக்குச் சரி. ரவிக்கை தைப்பவளுக்கு ஆடியில் மெஷின் சும்மா கிடக்கும், தீபாவளிக்கு விடிய விடிய ஓடும். இருவருக்கும் ஒரே தவணை அட்டையா?

நம் குழுவில் தீர்மானப் புத்தகம் இருக்கிறது. "இந்த மாதம் அப்பளம் காயவில்லை" என்று ஒருத்தி சொன்னால், கூடிப் பேசி, குழு தந்த உள்கடனின் தவணையைத் தள்ளிவைக்கலாம். அவள் வீட்டு நிலவரம் அறிந்தவர்கள் கையில் அந்த முடிவு இருக்கிறது. குழுவை நான் பெரிதென்று சொல்வது இதனால்தான்.

வெளியே வாங்கும் நுண்கடனுக்கும் 2022-இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைகளுக்குப் போகக்கூடாது. கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைக்க இடம்தர வேண்டும். சகோதரிகளே, கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!

மேடையில் வீற்றிருக்கும் வங்கி மேலாளர்களே, கடன் விண்ணப்பத்தில் "என்ன தொழில்" என்று கேட்கிறீர்கள். அதற்குக் கீழே, "எந்த மாதங்களில் வருமானம் குறையும்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த மாதங்களில் தவணையைக் குறைத்துக்கொடுங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, கையொப்பமிட்டு, இந்த மேடையிலேயே குழுத் தலைவிகள் உங்களிடம் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.