எதியோப்பியக் கோப்பியைக் குடித்துப் பார்த்தோம்

(சங்கத்தின் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



உங்கள் முன்னால் இருக்கும் கோப்பையில் தேத்தண்ணி இல்லை, கோப்பி. எதியோப்பியாவின் தெற்கே இர்கச்செஃபே என்ற மலைப்பகுதியில் விளைந்தது. வேறு ஊர்க் கோப்பி எதுவும் இதில் கலக்கவில்லை. இப்படி ஒரே இடத்தில் விளைந்ததை ஊர்ப்பெயர் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பைக்கற்றில் நியாய வர்த்தக முத்திரையும் இருக்கிறது.

சீனி வேண்டாம், பால் வேண்டாம். கரண்டியில் எடுத்து உறிஞ்சுங்கள். சத்தம் வந்தால் வெட்கப்படாதீர்கள்; கொழும்பில் நமது தேயிலையை ருசி பார்க்கிறவர்களும் சத்தமாகத்தான் உறிஞ்சுகிறார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா, "என்ன டீச்சர், எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கா?" என்கிறார். சரியாகப் பிடித்துவிட்டார். எலுமிச்சைப் புளிப்புக்கும் மல்லிகைப்பூ வாசத்துக்கும்தான் இந்த ஊர்க் கோப்பி பேர்போனது.

இந்த ருசி சும்மா வரவில்லை. ஒரே கிளையில் காயும் பழமும் சேர்ந்திருக்கும். சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறித்து, மற்றது பழுத்ததும் அதே செடிக்குத் திரும்பவும் போகவேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிற நமக்கு அந்தக் கைவேலையை விளக்கத் தேவையில்லை.

கோப்பிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. நமது பூட்டன்மார் மன்னார் வழியாகக் காட்டில் நடந்து மலையேறி வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் இங்கே கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் அழிந்துபோயின. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது.

இனி விலைக்கு வருவோம். 2001இல் உலகச் சந்தையில் கோப்பி இறாத்தலுக்கு 50 அமெரிக்க சதத்துக்கும் கீழே விழுந்தது. அந்த விலை செலவுக்கே கட்டாது. நியாய வர்த்தகத்தில் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு அடிவிலை உண்டு. கழுவிய அரபிக்காவுக்கு 2023 ஆகஸ்டு முதல் அது இறாத்தலுக்கு 1 டொலர் 80 சதம். சந்தை அதற்கு மேலே போனால் சந்தை விலையைத்தான் கொடுக்கவேண்டும். இதைத் தவிர 20 சதம் மேலதிகத் தொகை. அதை எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். அதில் 5 சதமாவது தரத்துக்கும் விளைச்சலுக்கும் போகவேண்டும். 1999இல் தொடங்கிய ஒரோமியா கோப்பி விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியம் இப்படி வந்த பணத்தில் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், குடிநீர் என்று செய்திருக்கிறது. நல்ல வேலை, மறுப்பதற்கில்லை.

இன்னொன்றும் நமக்குப் பிடித்தது. விளைகிற கோப்பியில் ஏறத்தாழப் பாதியை அந்த நாட்டு மக்களே குடிக்கிறார்கள். வீட்டுப் பெண் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மண்சாடியில் காய்ச்சி, விருந்தாளிக்கு மூன்று சுற்று ஊற்றுகிறாள். நமது கொழுந்தில் நல்ல தூள் கப்பலேறுகிறது, நமது லயத்துக்கு டஸ்ட் வருகிறது.

ஆனால் அந்த அடிவிலை காணியுள்ள விவசாயிக்கு உரியது. அறுவடைக் காலத்தில் அவருடைய காணியில் நாட்கூலிக்குப் பழம் பறிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? அவர்தான் நம்மைப் போன்றவர். லண்டன் சோவாஸ் ஆய்வாளர்கள் எதியோப்பியாவிலும் உகண்டாவிலும் இதைத் தேடிப் பார்த்தார்கள். நியாய வர்த்தகச் சங்கங்கள் உள்ள இடங்களில் கூலியாளின் நிலை மற்ற இடங்களைவிட நன்றாக இல்லை, பல இடங்களில் கூலி குறைவு என்று 2014இல் எழுதினார்கள். பெரிய தோட்டத்தையும் சிறு காணியையும் ஒப்பிடுவது சரியில்லை என்று நியாய வர்த்தக அமைப்பு பதில் சொன்னது. அதிலும் நியாயம் இருக்கலாம். அதற்காகப் பறித்தவரின் கூலி எவ்வளவு என்ற கேள்வியை நாம் விட்டுவிட முடியாது.

தேயிலையில் விதி வேறு. பெருந்தோட்டங்களுக்கும் இந்த முத்திரை உண்டு, நமது நாட்டிலும் சில தோட்டங்களுக்கு இருக்கிறது. அங்கே மேலதிகத் தொகை தொழிலாளருடையது. தொழிலாளர் தெரிவு செய்த பிரதிநிதிகள் குழுவில் இருக்கவேண்டும், செலவுத் திட்டம் தொழிலாளரின் பொதுக்கூட்டத்தில் நிறைவேறவேண்டும். அது சம்பளம் அல்ல, சம்பளத்துக்குப் பதிலும் அல்ல. "அதுதான் தருகிறோமே" என்று சம்பளப் பேச்சில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

முத்திரையுள்ள தோட்டங்களிலிருந்து வந்திருப்பவர்கள் மூன்று விஷயம் விசாரியுங்கள்: குழுவில் இருப்பவர் யார், கடைசிப் பொதுக்கூட்டம் எந்த மாதம் நடந்தது, பணம் எதற்குச் செலவானது. தோட்டக் கமிட்டித் தலைவர் மூலம் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.